இரண்டு ஜெபமாலைத் தூரம்

ராமநாதபுரத்தில் டிக்கெட் போட்டுத் தருகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ரயில், பஸ், விமானம் மூன்றும் போடுவேன். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோர ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எம்புட்டு நேரம்ண்ணே ஆகும்?"

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகன் முதல்தடவை துபாய் போகிறான். டிக்கெட் தாளை என் மேசையில் விரித்து வைத்து, "பன்னெண்டு மணிக்கு ஏறுறான், ரெண்டு நாப்பதுக்கு எறங்குறான்னு போட்டிருக்கு தம்பி. அப்ப ரெண்டே முக்கா மணி நேரந்தானா?" என்றார். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், உண்மையில் பையன் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே ஆகாயத்தில் இருப்பான் என்று தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். மதுரையிலிருந்து துபாய் நேராக அளந்தால் சுமார் 2,950 கி.மீ. திரும்பி வரும்போது இதே தூரம் கொஞ்சம் சீக்கிரமாக முடியும். குறிப்பாக மார்கழி, தை மாதங்களில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று அடிக்கும். அது வரும்போது முதுகைத் தள்ளிவிடும், போகும்போது முகத்தில் மோதும். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம மணிக்கு நாலரைக்கு மேல போன் வருமுல்ல?" என்றார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நியாயமான கேள்வி.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் தூரத்தை நாமே கணக்குப் போட்டுவிடலாம். தேங்காய் மேல் இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறைந்த தூரம். விமானக்காரர்கள் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கு போட்டால் கிடைக்கிற ஒரு பங்கு. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்தில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அவர்கள் கையில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியிலும் அதே டிகிரி, அதே கடல் மைல்தான். விசைப்படகும் போயிங்கும் ஒரே அளவுகோலில் அளக்கப்படுவது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

இப்படி நான் கணக்குப் போட்ட தூரங்களில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. மதுரை – கொழும்பு.

கட்டுநாயக்காவில் இருக்கும் விமான நிலையம் வரை 354 கி.மீ., அதாவது 191 கடல் மைல். மதுரையிலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் போக ஆரம்பித்ததே 2012-இல் இந்தத் தடத்தில்தான். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. ஓடுமே, அரை மணி நேரம்கூட ஆகாதே என்று சிலர் கேட்பார்கள். டிக்கெட்டில் போடுவது பறக்கிற நேரம் மட்டும் இல்லை. இந்தப் பக்கம் நின்ற இடத்திலிருந்து விமானம் அசைந்த நிமிஷம் முதல், அந்தப் பக்கம் நிறுத்தி பிரேக் போடும் வரைக்கும் உள்ள மொத்த நேரம். பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். பறக்கும்போதும் பாதி நேரம் ஏறுவதிலும் மீதி நேரம் இறங்குவதிலும் போய்விடும். 800 என்ற வேகத்தில் நிதானமாக ஓடுவதற்கு இத்தனை சின்னக் கடலில் இடம் இல்லை.

தூரம் ஒன்றாக இருந்தாலும் நேரம் ஒன்றாக இருக்காது என்பதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே 354 கி.மீ.தான் வருகிறது. ஆனால் அந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். என்கிற விசிறி வைத்த விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. சொச்சம். அதனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

சரி, மதுரை – கொழும்புக்கு வருகிறேன். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு தென்கிழக்காக இறங்கி, எங்கள் மாவட்டத்தைக் குறுக்கே வெட்டி, மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே கரையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் போகும். நான் கிழக்குக் கோடியில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரன். கிழக்கே இருக்கிற ஊருக்குப் போக, மேற்கே 165 கி.மீ. மதுரைக்குப் போய் ஏறி, மறுபடி என் மாவட்டத்தின் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இல்லாததால் 2019 மாசியில் நானும் அம்மாவும் அப்படித்தான் போனோம்.

போனது பெரியம்மாவைப் பார்க்க. அம்மாவின் அக்கா. 1973-இல் மன்னார்த் தீவில் பேசாலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போதெல்லாம் அது வெளிநாட்டுச் சம்பந்தமாக யாருக்கும் தோன்றவில்லை என்று அம்மா சொல்வார். ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் முந்தி, 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 புயல் வரைக்கும், சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பல் மாறி, தலைமன்னாரில் இன்னொரு ரயில் பிடித்துக் கொழும்பு போய்விடலாம். போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்ததுதான். புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனபின்பும் கப்பல் நிற்கவில்லை. துறைதான் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

1977-இல் பெரியம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது தாத்தா அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கப்பலில் போனார். அம்மாவுக்குப் பதினாறு வயது. கருப்பட்டி ஒரு ஓலைப்பெட்டி, நெத்திலிக் கருவாடு, அப்புறம் தங்கச்சிமடத்து மல்லிகை. எங்கள் ஊரில் மல்லிகைப் பதியன் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. பூவுக்குப் பஞ்சம் கிடையாது. விடியுமுன்னே பறித்த மொட்டை அம்மாவே கட்டி, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். காலையில் ஏறி, பொழுது சாயும் முன்னே இறங்கிவிட்டார்கள். பேசாலை வீட்டில் பெரியம்மா தலையில் வைத்துவிட்டபோது மொட்டு இன்னும் மூடியே இருந்ததாம். விளக்கு வைத்த பிறகுதான் விரிந்து வீடெல்லாம் மணத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இது. மொட்டு விரிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம் என்றுதான் பேசாலை என் மனதில் பதிந்திருந்தது.

எண்பதுகளில் போர் தொடங்கியதும் கப்பல் நின்றுபோனது.

1990-இல் மறுபடி சண்டை மூண்டபோது மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள். பெரியம்மாவும் மூன்று பிள்ளைகளோடு வந்தார். இரவு ஒன்பது மணிக்கு ஃபைபர் படகில் ஏறியது. படகுக்காரர் தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மணல் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். விடிகிற வரைக்கும், விடிந்த பிறகும், தண்ணீர் இல்லாமல் வெறும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நம் பக்கத்து மீனவர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து கரையில் விட்டார்கள். படகில் ஏறியதுமே ஜெபமாலையைத் தொடங்கியதாகவும், எத்தனை முறை சுற்றி வந்தது என்று நினைவே இல்லை என்றும் பெரியம்மா சொன்னார். பிறந்த ஊர் தங்கச்சிமடம். ஆனாலும் பதிந்து வைத்தது மண்டபம் முகாமில். பாம்பன் பாலத்தைத் தாண்டினால் தங்கச்சி வீடு. அனுமதி வாங்கித்தான் வர முடியும். அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்காவது இரவு தங்கிப் போ அக்கா என்று அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2004-இல், சண்டை ஓய்ந்திருந்த நேரத்தில், பெரியம்மா குடும்பம் திருச்சியிலிருந்து விமானம் ஏறி ஊர் திரும்பியது. அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் பார்த்துக்கொள்ளவில்லை.

2019-இல் பெரியம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போனது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருஷமாகப் போட்ட திட்டம் அத்தோடு போயிற்று. இனி நாங்கள்தான் போக வேண்டும்.

அதிகாலை இரண்டரைக்கு தங்கச்சிமடத்திலிருந்து கார் கிளம்பியது. பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று காரை லேசாக ஆட்டியது. ஆறே காலுக்கு மதுரை விமான நிலையம். பத்து மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானம். கைப்பையில் வாழையிலையில் சுற்றி இரண்டு முழம் மல்லிகை இருந்தது. முந்தின நாள் காலையில் பறித்தது. மாசியில் வரத்து குறைவு, விலை கேட்க முடியாது; ஆனாலும் வாங்காமல் விடவில்லை.

பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சக்கரம் தரையை விட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அம்மா கண்ணை மூடி ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். விரல் மணி மணியாக நகர்ந்தது. முதல் சுற்று முடிகிற நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே நம் கரை வந்தது. வாலிநோக்கம் உப்பளம் என்று பார்த்ததுமே தெரிந்தது. சதுரம் சதுரமாகப் பாத்திகள். சிலது வெள்ளை, சிலது தேயிலைத் தண்ணீர் நிறம், ஒன்றிரண்டு இளஞ்சிவப்பு. அதைத் தாண்டிக் கடலில் வெளிர் பச்சை வளையத்துக்குள் சின்னதாக ஒரு தீவு. வளையம் என்பது பவளப்பாறை மேல் நிற்கிற ஆழமில்லாத தண்ணீர். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இப்படி 21 தீவுகள். அப்பாத் தீவாக இருக்கலாம், நல்லதண்ணித் தீவாக இருக்கலாம். அம்மாவைத் தொட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். மணி தவறிவிடும் என்ற பயம்.

சாப்பிடக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. கரை தெரிந்த பிறகும் உடனே இறங்கவில்லை. கடலுக்கு மேல் பெரிதாக ஒரு வளைவு வளைந்து, வடகிழக்கைப் பார்த்துத் திரும்பி வந்து இறங்கியது. விமானம் கூடிய வரைக்கும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மாசியில் அது வாடைக்காற்று. தென்மேற்குக் காற்றுக் காலமாக இருந்தால் ஓடுபாதையின் இந்த முனையிலிருந்தே நேராக நுழைந்து சில நிமிஷம் மிச்சமாகியிருக்கும். பத்து ஐம்பத்து மூன்றுக்குத் தரை தொட்டது. நாற்பத்தொரு நிமிஷம். அம்மா கண்ணைத் திறந்து, "ரெண்டாவது மாலை இப்பத்தான்டா முடிஞ்சுச்சு. வந்துட்டமா?" என்றார்.

வரவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. கொழும்புக்கு வந்தோம், பேசாலைக்கு வரவில்லை. பெட்டி எடுத்து, முத்திரை குத்தி வெளியே வரப் பன்னிரண்டாகிவிட்டது. வேன் பிடித்துப் புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி, மடு சந்தி தாண்டி, மன்னார்த் தீவுக்குக் கடல் மேல் போகிற தாம்போதிச் சாலையில் ஏறும்போது இருட்டிவிட்டது. சுமார் 300 கி.மீ. சாலை. பேசாலையில் இறங்கும்போது இரவு எட்டு.

கூட்டிப் பார்த்தால் பதினேழரை மணி நேரம், 820 கி.மீ. எங்கள் வீட்டிலிருந்து பெரியம்மா வீட்டுக்கு நேர்கோட்டில் அளந்தால் 65 கி.மீ. சொச்சம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார்க் கரை 30 கி.மீ.கூட முழுசாக வராது.

பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியம்மா கேட்டது இதுதான்: "எத்தனை மணிக்கடி வெளிக்கிட்டனீங்கள்?" இருபது வயதில் போனவர்தான், ஆனாலும் பேச்சு முழுசாக அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அம்மா நேரத்தைச் சொல்லாமல் கைப்பையைத் திறந்து பூவை எடுத்தார். இலை வாடி ஒட்டிக்கொண்டிருந்தது. பூ ஓரமெல்லாம் பழுப்பேறி, நாரிலிருந்து நாலைந்து உதிர்ந்து விழுந்தது. வாசனை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெரியம்மா அதை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டு, தலையில் வைக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து கடையில் தூரக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூதான் கண்ணில் நிற்கிறது. 354 கி.மீ., ஒரு மணி நேரம் என்பதில் பொய் கிடையாது. விமானத்துக்கு அது உண்மை. மதுரைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் பெரும்பாலும் உண்மை. இரண்டு கரையிலும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் திரும்பி வந்த எட்டாவது மாதம், 2019 அக்டோபரில், பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள்; நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் விட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து பலாலி நேராக 100 கி.மீ.தான். ஆனால் அதற்கு நான் 550 கி.மீ.க்கு மேல் வடக்கே சென்னைக்குப் போய், அங்கிருந்து 354 கி.மீ. தெற்கே திரும்பி வர வேண்டும். 2025-இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். 184 கி.மீ. யாழ்ப்பாணத்தில் இறங்கினால் பூநகரி வழியாக மன்னாருக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். என் கடையிலேயே பல குடும்பங்களுக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அமைப்பதாகவும் 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான். உச்சிப்புளியில் கடற்படையின் விமான தளம் ஏற்கெனவே இருப்பதால் இந்தக் கரைக்கு விமானச் சத்தம் புதிதும் இல்லை.

ஆனாலும் எனக்கு வேண்டியது கப்பல். டிக்கெட் விற்பவனாக இதைச் சொல்லவில்லை. விமான டிக்கெட்டில் எனக்குக் கமிஷன் கிடைக்கும், கப்பலில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. 30 கி.மீ. கடலுக்கு ஆகாயம் தேவையில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள்; நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. ராமேஸ்வரம் – தலைமன்னார்க் கப்பலையும் சீக்கிரம் தொடங்கப் பாடுபடுவோம் என்று 2024 டிசம்பரில் இரண்டு நாட்டு அரசுகளும் கூட்டறிக்கையில் சொல்லியிருக்கின்றன. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக் கடையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். முழங்கால் முடியாத கிழவி ஒருத்தியைத் தூக்கி உட்கார வைத்துக் கூட்டிவருவதற்குக் கப்பலைவிட நல்ல வாகனம் கிடையாது. கருப்பட்டியும் கருவாடும் எத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்க்கவும் வேண்டியதில்லை.

பேசாலையில் எட்டு நாள் இருந்தோம். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா தலைமன்னார்த் துறையைப் பார்க்க வேண்டும் என்றார். 1977-இல் இறங்கிய இடம். கொழும்பிலிருந்து வரும் ரயிலை 2015-இல் மறுபடி அங்கே வரைக்கும் விட்டிருந்தார்கள்; ஸ்டேஷன் புதிதாக இருந்தது. அதைத் தாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பழைய ஜெட்டியில் பலகை போய்விட்டது, இரும்புத் தூண்கள் துருப்பிடித்துத் தண்ணீரில் நிற்கின்றன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கொஞ்ச தூரம் நடந்தார். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கம்தான் தனுஷ்கோடி. ஒன்றும் தெரியவில்லை, வெறும் தண்ணீர்தான்.

என் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. வந்ததிலிருந்து எங்கள் ஊர் சிம் செத்துக் கிடந்தது. இங்கே கரையில் நின்றதும் கடலுக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது. வீட்டிலிருந்து என் மனைவி. எட்டு நாளாக லைன் கிடைக்காமல் தவித்துப் போயிருந்தாள். "எங்க இருக்கீங்க? அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"இந்தா, எதுத்தாப்புலதான்மா நிக்கிறோம்" என்றார்.